முழங்கை உயரம்

தன் மனைவியின் முழங்கையைத் தன் சகலை அளந்த அன்றுதான் நூலார் மில்லிமீட்டரை முழுமனதாக வெறுக்கத் தொடங்கினார். அதுவரைக்கும் அரைமனதாகத்தான் வெறுத்துக்கொண்டிருந்தார்.

நூலார் என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. மரவேலையில் ஒரு இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். இவர் எந்தக் கதவைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, “ஒரு நூல் தூக்கலா இருக்கு” என்பார். எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைக் குற்றம் சொல்வார். தெரு பார்த்தது, நூலு என்று பெயர் வைத்தது. அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருந்ததால் மரியாதைக்கு ஓர் ‘ஆர்’ சேர்ந்தது. அவரோ அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஊர் இரண்டு அளவுகளுக்கு ஒரே நேரத்தில் வாழ்க்கைப்பட்ட ஊர். துணியை மீட்டரில் வாங்கி, இடுப்பை இஞ்சில் அளந்து, கடைசியில் எதிலும் சேராத ஒரு கால்சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவோம். ஆளுக்கு எடை கிலோவில், உயரம் அடியில். காய்ச்சல் நூற்றிரண்டு என்று டாக்டரிடம் ஓடுவோம், வெயில் நாற்பது என்று திட்டிக்கொண்டே. பிளைவுட் பலகை எட்டடிக்கு நாலடி. அதே பலகையின் கனம் பதினெட்டு மில்லி. நீள அகலம் ஒரு தேசத்திலும் கனம் வேறு தேசத்திலும் பிறந்த பலகை அது. மூலையில் இருக்கும் ஆணிக்கடைக்காரரிடம் அரை இஞ்சுக் குழாய் கேட்டால் அதைச் சுவரில் பிடிக்க முப்பத்தைந்து மில்லி திருகு தருவார். ஏன் இப்படி என்று கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும்.

“பொருளுக்கு ஒரு அளவு, அதைப் பொருத்தறதுக்கு ஒரு அளவு. பொருந்தலேன்னாத்தானே மறுபடி கடைக்கு வருவீங்க?”

இந்தக் குழப்பத்துக்கு ஊரில் அதிகம் பலியானது நூலாரின் கல்யாணம்தான். பெண் பார்த்தபோது தரகர் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ‘அஞ்சரை அடி’ என்று கொண்டுபோனார். பெண் வீட்டிலிருந்து பள்ளிக்கூடச் சான்றிதழைப் பார்த்து ‘நூற்றி எழுபது செண்டிமீட்டர்’ என்று கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள். ஒருவரும் இதை அதில் போட்டுப் பார்க்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். பூத்தையல் போட்ட மேசைவிரிப்பைத் தவிர வேறெதையும் நூலார் நிமிர்ந்து பார்க்கவில்லை. கல்யாணத்தன்று பக்கத்தில் பக்கத்தில் நின்றபோதுதான் கூட்டத்துக்கே கணக்கு புரிந்தது. நூற்றி எழுபது என்பது ஐந்தடி ஏழு இஞ்சு. அஞ்சரை அடி என்று சொன்னதோ, மரத்தில் ஒரு நூல் பிசகினால் சாப்பாடு இறங்காத மனிதர் தன் உடம்புக்கு மட்டும் தாராளமாக ரெண்டு இஞ்சு தானம் செய்து சொன்னது. உண்மையில் ஐந்தடி நாலு இஞ்சு.

புகைப்படக்காரர் அசடு வழிந்தார். நூலார் அசரவில்லை. பட்டறையிலிருந்து நாலு இஞ்சு கனமான ஒரு நீளத் தேக்குக் கட்டையைக் கொண்டுவரச் செய்து அதன்மேல் ஏறி நின்றார். முழங்காலுக்கு மேலாகப் படம் எடுக்கப்பட்டது. அந்தப் படத்தில் இன்றைக்கும் அவர் மனைவியைவிட ஒரு இஞ்சு உயரம். படம் முன்னறையில் தொங்குகிறது. கட்டை பட்டறையில் இருக்கிறது. அதன்மேல்தான் உட்கார்ந்து வேலை செய்வார். அதை வேறு யாரும் தொடக்கூடாது.

மனைவியை அவள் தங்கையிலிருந்து பிரித்துச் சொல்வதற்காகப் பெரியவள் என்போம். தங்கை சின்னவள். சின்னவள் புருஷன்தான் மில்லி.

மில்லி ஒரு அடுப்படிக் கம்பெனியில் வேலை செய்தான். வீடுவீடாகப் போய் அளந்து, ஆலையில் அலமாரியும் இழுப்பறையும் செய்யச் சொல்லி, பெட்டியில் வந்ததும் பொருத்திக் கொடுப்பான். “ரெண்டு மில்லி இங்க, ரெண்டு மில்லி அங்க” என்று அவன் சொல்லும்போது தெருவில் சிலர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு கண்ணடித்ததுண்டு. அவன் டீயைத் தாண்டி எதுவும் குடிக்காதவன். ஆள் நல்ல உயரம். கதவு நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து வருவான். தன் வீட்டு நிலைக்கு அவன் குனிவதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் நூலாருக்கு யாரோ தன்னைக் கிண்டல் செய்வது போலிருக்கும்.

அவன் குடும்பத்துக்குள் வந்த மாதத்தில்தான் நூலார் தன் டேப்பின் கீழ்விளிம்பில் இருந்த செண்டிமீட்டர் கோடுகளைக் கறுப்பு மையால் அழித்தார். “குழப்பம் கூடாது பாருங்க” என்று ஆணிக்கடைக்காரரிடம் காரணம் சொன்னார். “இதுநாள் வரைக்கும் குழம்பலையே?” என்றார் கடைக்காரர். நூலார் திருகுகளை எண்ணத் தொடங்கினார்.

*

சின்னவள் வீட்டில் புது அடுப்படி போட்ட பிறகுதான் வினை ஆரம்பித்தது. மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூலாரும் பெரியவளும் போயிருந்தார்கள். பெரியவள் ஈரக்குடையை வைத்த கையோடு அடுப்படிக்குள் போய் ஓர் இழுப்பறையை இழுத்தாள். தள்ளினாள். அது பாதிவழி வேகமாகப் போய், பிறகு யோசித்து, மெதுவாகத் தானே மூடிக்கொண்டது. மறுபடி இழுத்தாள்.

“அக்கா, போதும்டி, அது தேயப்போகுது,” என்று சிரித்தாள் சின்னவள்.

“சத்தமே வரலையேடி. எங்க வீட்டுல ஒரு பலகையை இழுத்தா நாலு வீட்டுக்குக் கேக்கும்.”

“மாமா பெரிய கைகாரர். ஒரு நாள் உக்காந்தா செஞ்சிற மாட்டாரா?”

“அவரு ஊருக்கெல்லாம் செய்வாரு. எனக்கு இன்னும் அடுப்புக்குக் கீழ துணிதான் தொங்குது. கதவு வரும் வரும்னு பார்த்துப் பார்த்து அந்தத் துணியையே நாலுவாட்டி மாத்திட்டேன்.”

நூலார் முன்னறையில் டீயை ஆற்றிக்கொண்டு இதையெல்லாம் கேட்டார். அடுப்படி மேடைக்கு முன்னால் இரண்டு பெண்களும் நின்றதை அங்கிருந்தே பார்க்க முடிந்தது. தன் மனைவி அந்த மேடையில் கைவைத்து நிமிர்ந்து நின்றதையும் பார்த்தார். தன் வீட்டில் அவள் அப்படி நின்று பார்த்த ஞாபகம் வரவில்லை. இழுப்பறைப் பெருமையைவிட அது சுருக்கென்று தைத்தது. ஏன் என்று மட்டும் அப்போது விளங்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அவரே ஆரம்பித்தார்.

“அதெல்லாம் தூள் அட்டை. மேல பேப்பர் ஒட்டியிருக்கான். ரெண்டு மழைக்கு ஊதிரும்.”

“மழைதான் பெய்யுதே. ஊதலையே.”

“உள்ளுக்குள்ள ஊதும்.”

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னாள்: “எனக்கு இடுப்பு விட்டுப்போச்சுங்க. குனிஞ்சு குனிஞ்சு வெட்டி, குனிஞ்சு குனிஞ்சு கழுவி. டாக்டரம்மா குனியாதேங்குது. அடுப்படிக்குள்ள போனா குனியாம எப்படி? நான் தம்பிகிட்ட கேக்கப் போறேன்.”

“எந்தத் தம்பி?”

“எனக்கு எத்தனை தம்பி இருக்கு? தங்கச்சி புருஷன்தான்.”

“ஒரு மரவேலைக்காரன் வீட்டு அடுப்படிக்கு அட்டைப்பெட்டிக்காரன் வரணுமா? தெருவுல என் தலை என்னாகறது?”

“உங்க தலைக்கு என்ன, அது பத்திரமா கீழதான் இருக்கு,” என்றாள் பெரியவள். முன்சீட்டுக்காரர் சிரித்துக் குலுங்கினார்.

*

மில்லி அடுத்த வாரமே வந்தான். கையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கருவி. பொத்தானை அமுக்கினால் சிவப்பு வெளிச்சம் ஒரு புள்ளியாகப் போய்ச் சுவரில் உட்காரும். எண் தானே திரையில் வரும். நூலார் பட்டறையிலிருந்து உளியைக் கையில் பிடித்தபடியே வந்து அடுப்படி வாசலில் நின்றார். வேலை நடுவில் வந்ததாகக் காட்டுவதற்காகத்தான் உளி. உண்மையில் அன்று காலையிலிருந்து அவர் ஒரு சிராயும் சீவவில்லை.

“அக்கா, செருப்பைக் கழட்டிட்டு இப்படி நேரா நில்லுங்க. கையை மடக்குங்க. காய் வெட்டற மாதிரி.”

“எதுக்குத் தம்பி?”

“மேடை உயரம் அவங்கவங்க முழங்கைக்குத் தகுந்த மாதிரி இருக்கணும்க்கா. இல்லேன்னா இடுப்பு போயிடும்.”

பெரியவள் நூலாரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால்கூட நூலார் தாங்கியிருப்பார்.

மில்லி கருவியை அவள் முழங்கைக்குக் கீழே பிடித்துத் தரையைப் பார்த்து அமுக்கினான். சிவப்புப் புள்ளி அவள் கால்விரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. “ஆயிரத்து ஐம்பது மில்லி. நீங்க நல்ல உயரம்க்கா. மேடை தொள்ளாயிரம் வச்சா அருமையா இருக்கும். இப்ப என்ன இருக்குன்னு பாப்போம்... எண்ணூத்துப் பதிமூணு.”

“அது முப்பத்திரண்டு இஞ்சு,” என்றார் நூலார் வாசலிலிருந்து. “ஊர் அளவு. நான் போட்ட எல்லா வீட்டுலயும் அதான். ஒருத்தரும் குறை சொன்னதில்லை.”

“ஊர்ல எல்லாரும் ஒரே உயரமாண்ணே?” என்று மில்லி சாதாரணமாகத்தான் கேட்டான். அவனுக்கு வஞ்சகம் தெரியாது. வஞ்சகம் தெரியாத உயரமான ஆள்களை மன்னிப்பது இன்னும் சிரமம்.

அவன் பென்சிலால் சுவரில் 900 என்று எழுதினான். பிறகு மேடையின் நீளத்தை அளக்கக் கருவியைப் பக்கச்சுவருக்குத் திருப்பினான். நூலார் ஓரடி உள்ளே வந்து குறுக்கே நின்றார். சிவப்புப் புள்ளி அவர் சட்டைப்பை மேல் வந்து நின்றது.

“இது நான் நின்னு கட்டின சுவரு. எட்டு அடி. எழுதிக்கோ.”

“ஒரு தடவை அடிச்சுப் பாத்துடறேண்ணே.”

“என் சுவரை நீ அடிச்சுப் பாக்க வேணாம். எட்டு அடின்னா எட்டு அடி. ஒரு நூல் கூட இல்லை, கம்மி இல்லை.”

மில்லி புள்ளியை அணைத்தான். மூத்தவருக்குக் காட்டும் மரியாதை. அந்த மரியாதைதான் பின்னால் எல்லோரையும் பாடாய்ப் படுத்தியது.

அன்று மதியம் வேலையைப் பங்கு போட்டார்கள். மரப்பெட்டிகளும் கால்களும் நூலார். மேல்பலகையும் இழுப்பறைகளும் மில்லி. “பெட்டி உங்க கைவேலை, மேல என் கம்பெனி வேலை. ரெண்டு பேரும் சேந்தா கல்லு மாதிரி நிக்கும்ணே,” என்றான் மில்லி. ரொட்டியும் முட்டையும் அவனுக்கு இரண்டாவது தடவை வைக்கப்பட்டதை நூலார் கவனித்தார். தனக்கு ‘இன்னும் வேணுமா?’ என்று கேள்விதான் வந்தது என்பதையும் கவனித்தார்.

மில்லி அங்கிருந்தே ஆலைக்குப் போன் போட்டான். “மேல்பலகை நீளம் எட்டு அடி... அடியில எல்லாம் எடுத்துக்க மாட்டீங்களா? சரி, அடிக்கு முப்பது செண்டிமீட்டர், ரெண்டாயிரத்து நானூறு போட்டுக்குங்க.” இரண்டு மில்லி பிசகினால் தலையில் கைவைக்கும் ஆள்தான். ஆனால் அடி என்பது அவனுக்குப் பள்ளிக்கூடத்து அடிஸ்கேல். அதில் முப்பது வரைக்கும்தான் எண் போட்டிருக்கும். அதற்கப்புறம் வாயில் கடிக்கிற இடம். தனக்குத் தெரியாத அளவை அவன் அலட்சியமாக எடுத்துக்கொண்டான். நூலாரும் அவன் அளவை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அதனால் போனைக் கேட்டுக்கொண்டிருந்தும் அதில் தப்பு இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

*

மழை ஓயவில்லை. பட்டறைக்குள் மரம் வியர்த்தது. நூலார் பலகைகளை அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திக் காயவைத்து, சீவி, மூலைகளைப் பல்லுப் பல்லாகக் கோத்துப் பெட்டிகளைச் செய்தார். ஆணி ஒன்றுகூட வெளியில் தெரியவில்லை. வேலை அவ்வளவு நன்றாக வந்ததற்குக் காரணம் அன்பு என்று சொல்ல ஆசைதான். பொறாமைதான் காரணம். பொறாமைக்காரன் செய்கிற மூலை கனகச்சிதமாக இருக்கும்.

கால்கள் மட்டும் மிச்சம். பெட்டியின் உயரம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். காலை வைத்துத்தான் மேடையை ஏற்றி இறக்குவது. தொள்ளாயிரம் வேண்டுமென்றால் வழக்கத்தைவிட மூன்றரை இஞ்சு நீளமான கால் வேண்டும். அது அவருக்குத் தெரியும். அவர் அடுப்படிக்குள் வந்து சுவரில் இருந்த 900 ஐப் பார்த்தார். இன்னொருவன் தன் பெண்டாட்டியை நிற்கவைத்துக் கையை மடக்கச் சொல்லிக் கண்டுபிடித்த எண். அந்த எண்ணுக்குத் தன் கையால் கால் செதுக்குவதா? உப்புத்தாளை எடுத்து மூன்று தேய்ப்பில் எண்ணை அழித்தார். சுவரில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்தது. பிறகு பட்டறைக்குப் போய்த் தேக்குக் கட்டைமேல் உட்கார்ந்து, ஊர் அளவுக்குக் கால்களை அறுத்தார்.

மேல்பலகை வந்த அன்று பழைய மேடையைப் பிரித்துப் பெட்டிகளை நிறுத்தி, இரண்டு பேருமாகப் பலகையைத் தூக்கி அவற்றின் மேல் வைத்தார்கள். இடது சுவரில் சேர்த்துத் தள்ளினால் வலது பக்கம் இடைவெளி. வலதில் சேர்த்தால் இடதில். மில்லி கருவியை எடுத்து அமுக்கினான். முகம் வெளுத்தது.

“சுவரு ரெண்டாயிரத்து நானூத்தி முப்பத்தெட்டு இருக்குண்ணே. பலகை ரெண்டாயிரத்து நானூறு.”

நூலார் தன் டேப்பை இழுத்து இடைவெளியில் வைத்தார். ஒன்றரை இஞ்சு. கொஞ்சம் யோசித்தார். பிறகு சுண்டுவிரல் நகத்தால் கீழ்விளிம்பின் கறுப்பு மையை முதல் நாலு செண்டிமீட்டருக்கு மட்டும் சுரண்டினார்.

“முப்பத்தெட்டு மில்லி!” என்றார். வாழ்நாளில் முதன்முறையாக அந்தச் சொல் அவர் வாயில் இனித்தது. ஒன்றரை என்று சொன்னால் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். முப்பத்தெட்டு என்றால் பள்ளம் மாதிரி கேட்கும்.

“தப்புதாண்ணே. அடிக்கு முப்பதுன்னு போட்டுட்டேன். முப்பது புள்ளி நாலு எட்டு போட்டிருக்கணும். வேற பலகை வரவழைச்சுத் தர்றேன்.”

“வேணாம், வேணாம். இருக்கட்டும். வர்றவங்க பாக்கட்டும்.”

அன்று மாலையே ஆணிக்கடைக்குப் போனார். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

“கேள்விப்பட்டீங்களா? லேசர் வச்சு அளந்தாரு நம்ம சகலை. முப்பத்தெட்டு மில்லி பள்ளம்.”

“அடேயப்பா. அது எத்தனை இஞ்சு?”

“அதையெல்லாம் விடுங்க. முப்பத்தெட்டு.”

“நீங்க எப்பலேர்ந்து மில்லியில பேச ஆரம்பிச்சீங்க?”

“தப்பைத் தப்பு பண்ணினவன் பாஷையிலதானே சொல்லணும்?”

தையற்கடையில் சொன்னார். பஸ் நிறுத்தத்தில் சொன்னார். பல்வலிக்காரர் ஒருவர் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பதில் பேசமாட்டார் என்ற வசதியில், அவரிடம் விலாவாரியாகச் சொன்னார்.

*

ஞாயிற்றுக்கிழமை சின்னவளும் மில்லியும் வந்தார்கள். மில்லி குற்றவாளி மாதிரி ஒரு மரச்சட்டத்தைக் கொண்டுவந்திருந்தான், இடைவெளியை அடைக்க. நூலார் அவர்களை வரவேற்ற வரவேற்பில் அப்படி ஒரு உற்சாகம்; தானே நாற்காலி போட்டார்.

“வா சகலை, வா. குனிஞ்சு வா. எங்க வீட்டுல எல்லாம் சரியான அளவு, அதான் உனக்குக் கஷ்டம். ஏம்மா, உன் வீட்டுக்காரர் பண்ணினதைப் பாத்தியா? முப்பத்தெட்டு...”

“பாத்தாச்சு மாமா. அதான் தெருவே சொல்லுதே,” என்றாள் சின்னவள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பெரியவள் மேடையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுகிற சத்தம் நின்றது.

“எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க.”

வந்தார்கள். அவள் கத்தியைக் கையில் பிடித்தபடி மேடைமேல் குனிந்து நின்றுகாட்டினாள். முதுகு வளைந்து, கழுத்து தொங்கி, இத்தனை வருஷமும் நின்ற அதே வளைவு.

“தெரியுதா?”

“என்ன?” என்றார் நூலார்.

“தம்பி, நீங்க சொன்னது எவ்வளவு?”

மில்லி தயங்கினான். “தொள்ளாயிரம்க்கா.”

“இப்ப எவ்வளவு இருக்கு?”

“அக்கா, அது வந்து...”

“அமுக்கிப் பாருங்க.”

சிவப்புப் புள்ளி தரையில் விழுந்தது. “எண்ணூத்துப் பதிமூணு.”

பெரியவள் சுவரில் இருந்த வெள்ளைத் திட்டைக் கத்திமுனையால் காட்டினாள்.

“இங்க ஒரு எண் இருந்துச்சு. அதுவா அழிஞ்சு போச்சா?”

நூலார் திட்டைப் பார்த்தார். உப்புத்தாள் வேலைகூடக் கச்சிதமாகத்தான் இருந்தது.

“அவரு நீளத்துல விட்டாரு. தெரியாம விட்டாரு. தப்புன்னு ஒத்துக்கிட்டு கட்டையோட வந்து நிக்கறாரு. நீங்க உயரத்துல விட்டீங்க. தெரிஞ்சே விட்டீங்க. ஒன்னரை இஞ்சுக்கு ஊரைக் கூட்டினீங்களே, என் இடுப்புக்கு எந்தக் கடையில போய்ச் சொல்லட்டும்?”

“ஊர் அளவு...” என்று ஆரம்பித்தார் நூலார்.

“ஊர் அளவு இல்லைங்க அது. உங்க அளவு. நீங்க நின்னு வெட்டினா சரியா இருக்கும். எங்க, ஒரு நாள் வெட்டுங்க பாப்போம்.”

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா பயமா தெரியவில்லை. மில்லி சட்டத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான். பெரியவள் குரலைத் தூக்கவேயில்லை. அடுத்ததைச் சொன்னபோது இன்னும் இறக்கினாள்.

“அவரு அளந்தாருன்னு உங்களுக்கு எரியுது. எனக்குத் தெரியும். நான் என்ன அவரைக் கூப்பிட்டு என் கையை அளக்கச் சொன்னேனா? இந்த வீட்டுல டேப்பு இல்லாத நாளே இல்லை. நாற்காலிக்கு அளப்பீங்க, நாய்க்கூண்டுக்கு அளப்பீங்க. என்னை ஒரு நாள் அளந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?”

நூலார் வெளியே போனார். பட்டறைக் கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ரம்பத்தின் சத்தம் வந்தது. கனமான மரத்தில் போகிற நிதானமான சத்தம்.

“கோவத்துல எதை அறுக்கறாருக்கா?” என்றாள் சின்னவள்.

“காதை வச்சுக் கேளு. தேக்கு,” என்றாள் பெரியவள். அவளும் அதற்குமேல் ஊகிக்கவில்லை.

அவர் திரும்பி வந்தபோது இரண்டு கைகளிலும் சேர்த்து மார்போடு துண்டுக்கட்டைகளை அணைத்துக்கொண்டு வந்தார். எல்லாம் ஒரே அளவு. நாலு இஞ்சு கனம். உட்கார்ந்து உட்கார்ந்து பளபளத்த மேல்பக்கம் ஒவ்வொரு துண்டிலும் தெரிந்தது. பெரியவள் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். முன்னறைப் படத்தின் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு அதைக் கீழே வைத்தாள், மெதுவாக.

“அந்தப் பக்கம் பிடி,” என்றார் நூலார் சகலையிடம், அவன் முகத்தைப் பார்க்காமல்.

இருவரும் ஆளுக்கொரு முனையில் குனிந்து பெட்டியும் பலகையுமாகத் தூக்கினார்கள். மில்லி உயரமானவன், அவன் பக்கம் சட்டென்று மேலே போனது. மொத்தப் பாரமும் நூலார் பக்கம் சரிந்தது.

“டேய், டேய், இறக்கு! ரெண்டு நூல் இறக்கு!”

“எத்தனை மில்லிண்ணே?”

“மில்லியாவது கில்லியாவது, கை நசுங்குதுடா!”

“அஞ்சு மில்லி இறக்கட்டா, ஆறு இறக்கட்டா?”

“ரெண்டு பேரும் வாயை மூடிட்டுத் தூக்குங்க,” என்றாள் பெரியவள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காலுக்கடியிலும் ஒரு தேக்குத் துண்டைத் தள்ளினாள். சின்னவள் அந்தக் கோடியில் தள்ளினாள். இறக்கினார்கள். ஆடவில்லை.

மில்லிக்குக் கை சும்மா இருக்கவில்லை. புள்ளியை அடித்தான். “தொள்ளாயிரத்துப் பதினாலு. பதினாலு மில்லி கூட இருக்குண்ணே.”

“பதினாலு மில்லின்னு ஒண்ணு கிடையாது. அரை இஞ்சும் அரை நூலும்.”

பெரியவள் மேடைக்கு முன் வந்து நின்றாள். ஒரு வெங்காயத்தை எடுத்து வெட்டினாள். முதுகு நேராக இருந்தது. இன்னொன்றையும் வெட்டினாள். சட்டத்தை எடுத்துக்கொண்டு வந்த மில்லியைத் தடுத்து, வெட்டுப்பலகையை அந்த ஒன்றரை இஞ்சு இடைவெளியில் செங்குத்தாக இறக்கினாள். அது போய்ச் சிக்கென்று நின்றது. தட்டு ஒன்றையும் இறக்கினாள்.

“அடைக்க வேணாம். எனக்குச் சரியா இருக்கு.”

இரண்டு சகலைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் சொன்ன ‘சரி’ தான் ஏற்றின உயரத்துக்கா, மில்லி விட்ட பள்ளத்துக்கா என்று நூலார் அன்று இரண்டு டீ குடிக்கும் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள், வீட்டில் வேறு யாரும் இல்லாத மத்தியானம், அவர் டேப்போடு அடுப்படிக்குள் வந்தார். கீழ்விளிம்பின் கறுப்பு மை அதற்குள் ஒரு மீட்டரையும் தாண்டிச் சுரண்டப்பட்டிருந்தது.

“கையை மடக்கு.”

“எதுக்கு? மேடைதான் ஆச்சே.”

“மடக்கேன்.”

அவர் தரையில் மண்டியிட்டு டேப்பின் நுனியைத் தரையில் அழுத்தி, முழங்கை வரை இழுத்து, ஒரு கண்ணை மூடிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். முகம் மலர்ந்தது.

“ஆயிரத்து ஐம்பத்தஞ்சு! அஞ்சு மில்லி கம்மியா அளந்திருக்கான் உன் தம்பி. லேசராம் லேசரு!”

பெரியவள் கையை மடக்கியபடியே குனிந்து அவரைப் பார்த்தாள்.

“அவரு அளந்தப்ப நான் இப்படி நிமிந்து நிக்கலைங்க,” என்றாள்.

முப்பத்தெட்டு மில்லியைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சொன்னவர் இந்த ஐந்து மில்லியை ஆணிக்கடைக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.